அந்த ரெப்போவைச் சேர்த்தது யார்?

(கணினிப் பொறியியல் மாணவர்களும் சிறு மென்பொருள் நிறுவனத்தாரும் கூடியிருந்த சேலம் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



சொந்த பில்ட் சர்வரில் வெளி ரெப்போ ஒன்றை, அதாவது வேறொருவர் நடத்தும் பேக்கேஜ் களஞ்சியத்தைச் சேர்ப்பது இரண்டு நிமிட வேலை. பில்ட் சர்வர் மென்பொருளான கோஜியில் ஒரே ஒரு கட்டளை. இன்னொன்றான ஓப்பன் பில்ட் சர்வீஸில் புராஜெக்ட் மெட்டாவில் சில வரிகள். இதற்கா ஒரு கூட்டம் என்று யாராவது கேட்டால் தப்பில்லை. ஆனால் அந்த இரண்டு நிமிடத்துக்குப் பிறகு உங்கள் சர்வர் கட்டுகிற ஒவ்வொரு பேக்கேஜிலும், நீங்கள் முகம் பார்த்திராத ஒருவரின் கை இருக்கும். அந்தக் கையை உள்ளே விட்டது யார், எந்த அளவுக்கு விட்டார், எதற்காக விட்டார் என்று ஆறு மாதம் கழித்துக் கேட்டால் பெரும்பாலான இடங்களில் பதில் கிடைப்பதில்லை. அதைப் பற்றித்தான் பேச வந்திருக்கிறேன்.

நம் பக்கத்து வேலையையே எடுத்துக்கொள்வோம். நாமக்கல் அருகே ஒரு கோழித்தீவன ஆலை. பெரம்பலூரிலிருந்தோ கர்நாடகத்திலிருந்தோ மக்காச்சோளம் ஏற்றிய லாரி வந்து எடைமேடையில் ஏறுகிறது. பக்கத்து அறையில் இருக்கும் இண்டிகேட்டரின் சீரியல் போர்ட்டிலிருந்து எடை கணினிக்கு வருகிறது. லாரி எண், சரக்கு, முதல் எடை, இரண்டாம் எடை, நிகர எடை என்று தமிழில் சீட்டு அச்சாகிறது. இந்த மென்பொருளை ஜாகீர் அம்மாபாளையம் எல்காட் பூங்காவில் உட்கார்ந்தும் எழுதலாம், திருச்செங்கோட்டில் வீட்டு மாடியில் உட்கார்ந்தும் எழுதலாம். ஆலைகளின் கணினிகளில் இருப்பது டெபியன் 12 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு திருத்தம் வந்தால் ஒவ்வோர் ஆலைக்கும் பென்டிரைவைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு பைக்கில் ஓட முடியாது. ஒரே இடத்தில் கட்டி, கையொப்பமிட்டு, வெளியிட வேண்டும். ஆலைக் கணினி தானே வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். அதற்குத்தான் பில்ட் சர்வர்.

பில்ட் சர்வரின் சிறப்பு அதன் வேகத்தில் இல்லை. ஒவ்வொரு முறையும் அது வெறும் அறையிலிருந்து தொடங்குகிறது என்பதில் இருக்கிறது. உங்கள் மடிக்கணினியில் மூன்று வருடமாகச் சேர்ந்துகிடக்கும் நூலகங்கள் எதுவும் அங்கே இருக்காது. பேக்கேஜுக்கு என்னென்ன தேவை என்று நீங்கள் எழுதிக் கொடுத்திருக்கிறீர்களோ அவற்றை மட்டும் தெரிந்த ரெப்போக்களிலிருந்து எடுத்து அந்த அறையில் வைத்து, கட்டி, அறையைக் கலைத்துவிடும். ஓப்பன் பில்ட் சர்வீஸை சூசே லினக்ஸ்காரர்கள் 2006 வாக்கில் வெளியே கொண்டுவந்தார்கள். முதலில் அது ஓப்பன்சூசே பில்ட் சர்வீஸ். பிற லினக்ஸ்களுக்கும் கட்டித் தருவதால் 2011இல் பெயரை மாற்றினார்கள். சுருக்கமாக ஓபிஎஸ் என்பார்கள். வீடியோ பதிவுசெய்யும் ஓபிஎஸ் வேறு, தேடும்போது குழம்பாதீர்கள். ஃபெடோராவின் பில்ட் சர்வருக்குப் பெயர் கோஜி. இரண்டையும் நீங்கள் சொந்தமாக நிறுவிக்கொள்ளலாம்.

நிறுவியதும் கையில் இருப்பது காலி சர்வர். அதற்கு டெபியனையோ ஓப்பன்சூசேயையோ காட்ட வேண்டும். ஓபிஎஸ்ஸில் இதற்கு இரண்டு வழி. ஒன்று, ஓப்பன்சூசேயின் பொதுச் சர்வரோடு உங்கள் சர்வரை இணைத்துவிடுவது. அங்குள்ள புராஜெக்டுகள் எல்லாம் ஒரு முன்னொட்டோடு உங்களிடமே இருப்பதுபோலத் தெரியும். இணையம் அறுந்தால் வேலையும் அறும். இன்னொன்று, 'டவுன்லோட் ஆன் டிமாண்ட்'. ஏதாவதொரு ரெப்போவின் முகவரியையும் அதன் வகையையும் எழுதிவிட்டால், சர்வர் பட்டியலை மட்டும் இறக்கி வைத்துக்கொள்ளும். பேக்கேஜை, ஒரு பில்டுக்கு அது தேவைப்படும்போதுதான் இறக்கும். டெபியன் 12இல் 64,419 பேக்கேஜ்கள். எடைச்சீட்டு மென்பொருளைக் கட்ட அவற்றில் சில நூறு போதும். மாத பிராட்பேண்ட் பில்லைத் தன் கையால் கட்டும் சிறு நிறுவனத்துக்கு இந்த ஏற்பாடு பொருத்தமானது. அதன் குறையைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது விஷயத்துக்கு வருவோம். உங்கள் நிரலுக்கு போஸ்ட்கிரெஸ் 17 வேண்டும். டெபியன் 12 தருவது 15. போஸ்ட்கிரெஸ் குழுவே டெபியனுக்கென்று ஒரு ரெப்போ நடத்துகிறது, பிஜிடிஜி என்று பெயர். நம்பகமானது, ஒழுங்காகப் பராமரிக்கப்படுவது. அதை ரெப்போ வரிசையில் முதலாவதாகச் சேர்க்கிறீர்கள். சிவப்பில் நின்றுகொண்டிருந்த 'அன்ரிசால்வபிள்' மறைந்து பில்ட் ஓடுகிறது, பச்சையாகிறது. எல்லோரும் டீ குடிக்கப் போகிறார்கள்.

ராசிபுரத்து ஆலையிலிருந்து போன் வருகிறது: புதிய பேக்கேஜ் ஏறவில்லை. காரணம் இதுதான். பிஜிடிஜி ரெப்போவில் போஸ்ட்கிரெஸ் சர்வர் மட்டும் இல்லை. லிப்பிக்யூ5 என்ற கிளையன்ட் நூலகமும் புதிய பதிப்பில் அங்கே இருக்கிறது. நீங்கள் கேட்டது போஸ்ட்கிரெஸ் சர்வரை, வந்தது இரண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வினவலை ரத்துசெய்ய 17ஆம் பதிப்பில் சில புதிய ஃபங்ஷன்கள் வந்தன. கட்டும்போதே 'இது இருக்கிறதா' என்று தேடிப் பார்த்து, இருந்தால் பயன்படுத்திக்கொள்ளும்படி எழுதப்பட்ட நிரல்கள் பல உண்டு. உங்களுடையதும் அப்படியானால், கட்டி முடித்த பேக்கேஜின் நெற்றியில் 'லிப்பிக்யூ5, 17 அல்லது அதற்கு மேல்' என்று தானாகவே எழுதப்பட்டுவிடும். ஆலைக் கணினியில் இருப்பதோ டெபியன் 12 தந்த 15. அது ஏற்றுக்கொள்ளாது. உங்கள் நிரலில் ஓர் எழுத்துகூட மாறவில்லை. சர்வரில் ஒரு ரெப்போ சேர்ந்தது, அவ்வளவுதான். பில்ட் லாகைத் திறந்து பார்த்தால் நூலகத்தின் பதிப்பு எண்ணோடு 'பிஜிடிஜி120' என்ற வால் ஒட்டியிருக்கும். அந்த வாலைத் தேடிப் பார்க்கும் பழக்கம் இருந்தால் ராசிபுரத்திலிருந்து போன் வந்திருக்காது.

ஒரே பெயருள்ள பேக்கேஜ் இரண்டு ரெப்போவில் இருந்தால் எது வரும்? மாணவர்களிடம் கேட்டால் எல்லோரும் ஒரே குரலில் 'புதியது' என்பார்கள். டெபியனின் நிறுவல் கருவியான ஆப்ட்டைப் பொறுத்தவரை அது சரி. ரெப்போக்களுக்கு எல்லாம் அது இயல்பாக 500 என்ற ஒரே முன்னுரிமையைத் தருகிறது, அதனால் பெரிய பதிப்பு எண் ஜெயிக்கிறது. ஓபிஎஸ் அப்படியில்லை. புராஜெக்ட் மெட்டாவில் ரெப்போக்களை எந்த வரிசையில் எழுதினீர்களோ அந்த வரிசைதான் சட்டம். முதலில் எழுதியதில் அந்தப் பெயர் இருந்தால் அடுத்ததைப் பார்க்காது, அடுத்ததில் இருப்பது எவ்வளவு புதியதானாலும். கோஜி வேறொரு வழியில் போகிறது. வெளி ரெப்போவில் உள்ள ஒரு பேக்கேஜின் மூலப் பெயர் உங்கள் டேக்கில் (கோஜியில் பேக்கேஜ் தொகுப்புக்கு அதுதான் பெயர்) ஏற்கெனவே இருந்தால், வழக்கமான அமைப்பில் வெளியிலிருந்து வருவது ஓரங்கட்டப்படும். அதாவது, நீங்கள் கட்டியதற்கே முதலிடம். பதிப்பு எண் அங்கே வாதமாகாது.

மூன்றில் எது நல்லது என்று கேட்டால், என் கட்சி கோஜியுடையது. 'புதியது ஜெயிக்கும்' என்ற விதி வீட்டுக் கணினிக்குச் சரி. பில்ட் சர்வரில் அது ஆபத்து. எதனால் என்பதை 2021 பிப்ரவரியில் அலெக்ஸ் பிர்சன் என்ற பாதுகாப்பு ஆய்வாளர் உலகத்துக்கே காட்டினார். பெரிய நிறுவனங்கள் தங்களுக்குள் மட்டும் பயன்படுத்தும் பேக்கேஜ்களின் பெயர்களைக் கண்டுபிடித்து, அதே பெயரில், பெரிய பதிப்பு எண்ணோடு, பொது ரெப்போக்களில் தன் பேக்கேஜை ஏற்றிவைத்தார். ஆப்பிள், மைக்ரோசாஃப்ட் உட்பட 35க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் உள்ளே அவருடைய நிரல் போய் ஓடியது. பூட்டை அவர் உடைக்கவே இல்லை. வெளியே இருந்த எண் பெரியதாக இருந்ததால் அந்த நிறுவனங்களின் கணினிகளே கதவைத் திறந்து அவரைக் கூப்பிட்டுக்கொண்டன. அவர் நல்ல மனிதர், முன்கூட்டியே அனுமதிக்கப்பட்ட சோதனைகள்தான், பரிசும் பெற்றார். நம் ஊர் நிறுவனங்களில் பைத்தானுக்குச் சொந்த இண்டெக்ஸ் வைத்துக்கொண்டு, அதோடு 'எக்ஸ்ட்ரா' இண்டெக்ஸாக வெளியுலகத்தையும் சேர்த்துவைத்திருப்பவர்கள் இன்று மாலையே அதைத் திறந்து பாருங்கள்.

ஓபிஎஸ்ஸில் இன்னொரு குணம் உண்டு, புதியவர்களுக்கு எரிச்சல் ஊட்டும். ஒரு தேவையைப் பூர்த்தி செய்யப் பலர் முன்வந்தால் அது தானாக ஒருவரைத் தேர்ந்தெடுக்காது. 'ஆக்' என்ற கருவி வேண்டும் என்கிறீர்கள். டெபியனில் ஜிஆக், எம்ஆக், ஒரிஜினல்-ஆக் என்று மூவர் அந்தப் பெயரில் வருகிறார்கள். 'ஹேவ் சாய்ஸ்' என்று சொல்லிவிட்டு சர்வர் கையைக் கட்டிக்கொண்டு நின்றுவிடும். புராஜெக்ட் கான்ஃபிகில் 'பிரிஃபர்: எம்ஆக்' என்று நீங்கள் எழுதிய பிறகுதான் நகரும். ஆப்ட்டாக இருந்தால் ஏதோ ஒன்றை எடுத்துப் போட்டுக்கொண்டு போயிருக்கும். வெளி ரெப்போ சேர்க்கச் சேர்க்க இந்தக் கேள்விகள் பெருகும். திட்டிக்கொண்டே பதில் எழுதுங்கள். ஊகிக்காத சர்வர் நல்ல சர்வர்.

கையொப்பம் பற்றிக் கொஞ்சம். டெபியன் ரெப்போவின் அமைப்பில் ஒரு சங்கிலி இருக்கிறது. 'இன்ரிலீஸ்' என்ற கோப்புக்கு மட்டும்தான் கையொப்பம். அதற்குள் பேக்கேஜ் பட்டியலின் ஹேஷ், பட்டியலுக்குள் ஒவ்வொரு பேக்கேஜின் ஹேஷ். எனவே கையொப்பம் சரியென்றால், நடுவில் எந்த மிரர் வழியாக வந்தாலும், குறியாக்கம் இல்லாத இணைப்பில் வந்தாலும், ஒரு பைட் மாறினால் தெரிந்துவிடும். ஓபிஎஸ்ஸில் வெளி ரெப்போவை எழுதும்போது அதன் பொதுச் சாவியையும் சேர்த்து எழுத ஓர் இடம் உண்டு. கட்டாயமில்லை, எழுதாவிட்டால் சர்வர் முனகாது. பலர் எழுதுவதில்லை. ஆப்ட் பக்கம் போனால் 'டிரஸ்டட்=யெஸ்' என்று போட்டு எச்சரிக்கையின் வாயை அடைத்திருப்பார்கள். சாவி காலாவதியாகி ஒரு வெள்ளிக்கிழமை மாலை பில்ட் நின்றிருக்கும், யாரோ அவசரத்துக்குப் போட்ட அந்தச் சொல் ஆண்டுக்கணக்கில் அங்கேயே இருக்கும். ஒரு சாவியைக் கணினி முழுவதற்கும் நம்பவைத்த பழைய ஆப்ட்-கீ முறையும் கைவிடப்பட்டுவிட்டது. ஒவ்வொரு ரெப்போவுக்கும் அதனதன் சாவியை மட்டும் காட்டுவதே இப்போதைய முறை.

ஆனால் கையொப்பம் சொல்வது 'இது இன்னாரிடமிருந்து வந்தது' என்பதை மட்டுமே. இன்னார் யோக்கியரா என்பதை அது சொல்லாது. 2024 மார்ச் 29 அன்று எக்ஸ்இசட் விவகாரம் வெடித்தது உங்களுக்கு நினைவிருக்கும். கோப்புச் சுருக்கத்துக்கான சிறிய நூலகம், ஏறக்குறைய எல்லா லினக்ஸிலும் உள்ளது. அதன் பராமரிப்பில் இரண்டு ஆண்டுக்கு மேலாக உழைத்து நம்பிக்கை சம்பாதித்த ஒருவர் 5.6.0, 5.6.1 ஆகிய பதிப்புகளில் கள்ளக்கதவு வைத்திருந்தார். கையொப்பம் எல்லாம் சரியாகத்தான் இருந்தது. கண்டுபிடித்தவர் ஆண்ட்ரெஸ் ஃபிராயின்ட், போஸ்ட்கிரெஸ் உருவாக்குநர்களில் ஒருவர். எஸ்எஸ்எச் நுழைவு வழக்கத்தைவிட அரை விநாடி தாமதமாவதைக் கவனித்து நூல் பிடித்துப் போனார்.

இந்தக் கதையில் பில்ட் சர்வர் வைத்திருப்பவர் கவனிக்க வேண்டிய வரி ஒன்று உண்டு, செய்தித்தாள்களில் அதிகம் வரவில்லை. அந்தக் கள்ள நிரல் எல்லா இடத்திலும் வேலை செய்யவில்லை. கட்டும்போது, டெபியன் பேக்கேஜுக்கான விதிக்கோப்பு பக்கத்தில் இருக்கிறதா, அல்லது ஆர்பிஎம் கட்டுவதற்கான சூழல் மாறி தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்தது. இருந்தால்தான் கள்ளக்கதவைச் சேர்த்தது. உங்களைப் போன்ற ஆர்வலர் தன் மடிக்கணினியில் இறக்கித் தானே கட்டினால் ஒன்றும் நடக்காது. குறிவைக்கப்பட்டது பில்ட் சர்வர். அங்கே ஒருமுறை நுழைந்தால் அங்கிருந்து இறக்குகிற எல்லோரிடமும் நுழைந்தது மாதிரி. டெபியனின் நிலைப்பதிப்புக்கு அது வந்து சேரவில்லை. டெஸ்டிங், அன்ஸ்டேபிள், ஓப்பன்சூசே டம்பிள்வீட் போன்றவற்றுக்கு வந்துவிட்டது. வாடிக்கையாளருக்குப் போகிற மென்பொருளைக் கட்டும் சர்வரில் 'புதுசு கிடைக்குமே' என்று டெஸ்டிங் ரெப்போவைச் சேர்த்திருந்தவர்கள் அந்த வார இறுதியில் தூங்கியிருக்க மாட்டார்கள்.

வில்லத்தனமே இல்லாமலும் கெட்டுப்போகும். பின்ட்ரே என்ற இலவச பேக்கேஜ் சேவையை அதன் உரிமையாளர்கள் 2021 மே 1 அன்று மூடினார்கள். அதிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த பில்டுகள் நின்றன. சென்ட்ஓஎஸ் 7இன் ஆயுள் 2024 ஜூன் 30இல் முடிந்தது, மிரர் பட்டியல் தரும் முகவரி பதில் சொல்வதை நிறுத்தியது. பேக்கேஜ்கள் எங்கும் போகவில்லை, 'வால்ட்' முகவரிக்கு மாறியிருந்தன. முகவரியை ஒரு கோப்பில் எழுதிவைத்துவிட்டு மறந்தவர்களுக்கு அது தெரியாது.

பிறகு சொல்கிறேன் என்று நான் தள்ளிவைத்த குறை இதுதான். 'டவுன்லோட் ஆன் டிமாண்ட்' உங்களுக்குத் தருவது இன்றைய பட்டியலை. வெளியே பட்டியல் மாறினால் உங்கள் சர்வரும் மாறிக்கொள்ளும், அதைச் சார்ந்தவை மறுபடி கட்டப்படும். போன மாதம் கட்டியதை அப்படியே மறுபடி கட்டிக் காட்டு என்று யாராவது கேட்டால் முடியாது. ஆலை முதலாளி இப்படிக் கேட்க மாட்டார். அரசு டெண்டரில் கேட்பார்கள். எக்ஸ்இசட் போல ஒன்று நடந்தால் நீங்களே உங்களைக் கேட்டுக்கொள்வீர்கள்.

இதற்குப் பெரிய அளவிலான விடை நம் மாநிலத்திலேயே இருக்கிறது. சென்னையில் உள்ள சி-டாக் 2007இலிருந்து பாஸ் லினக்ஸை வெளியிட்டு வருகிறது. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸுக்குப் பக்கத்தில் அது இருந்தது. அதை ஒருமுறையாவது பூட் செய்து பார்த்தவர்கள் கை தூக்குங்கள் என்று கேட்டுச் சங்கடப்படுத்த மாட்டேன். பாஸின் அடிப்படை டெபியன். நாமக்கல் பாடி கட்டும் பட்டறைக்குப் புறவழிச்சாலையில் வெறும் சேஸிஸாக ஓட்டிவரப்படும் லாரி மாதிரி, டெபியன் வெளியிலிருந்து வருகிறது. இந்திய மொழி வசதிகள், தோற்றம், தேர்ந்தெடுத்த மென்பொருள்கள் எல்லாம் இங்கே ஏறுகின்றன. பெரும்பகுதியைத் தொடாமல் எடுத்துக்கொள்வது, சிலவற்றை மட்டும் திருத்திக் கட்டுவது, எல்லாவற்றையும் சொந்த ரெப்போவிலிருந்து தருவது. எடைச்சீட்டு மென்பொருள் எழுதுபவருக்கும் இதே மூன்று வேலைதான், அளவு சிறியது, அவ்வளவே. வாடிக்கையாளர் கணினி உங்கள் ரெப்போவை மட்டும் பார்க்க வேண்டும். உங்கள் சர்வர் நீங்கள் உறையவைத்த நகலை மட்டும் பார்க்க வேண்டும். வெளியுலகத்தைப் பார்ப்பது அந்த நகலை எடுக்கும் கருவி மட்டுமே.

அந்தக் கருவி ஒன்றும் விலையுயர்ந்ததில்லை. டெபியன் பக்கம் ஆப்ட்லி இருக்கிறது. பிஜிடிஜி முழுவதையும் எடுக்காமல் வேண்டிய பேக்கேஜ்களை மட்டும் வடிகட்டி எடுத்து, தேதியிட்ட ஸ்னாப்ஷாட்டாக உறையவைத்து, அதையே உங்கள் கையொப்பத்தோடு வெளியிடலாம். வடிகட்டும்போதே லிப்பிக்யூ5 வேண்டுமா வேண்டாமா என்று முடிவெடுத்துவிடலாம். ஆர்பிஎம் உலகில் ரெப்போசிங்க், கிரியேட்ரெப்போ. புதுப்பிப்பதென்றால் புது ஸ்னாப்ஷாட் எடுத்து, சோதனை புராஜெக்டில் ஒருமுறை எல்லாவற்றையும் கட்டிப் பார்த்து, பிறகு மாற்றுங்கள். பாதுகாப்புத் திருத்தங்களை மட்டும் இப்படித் தாமதப்படுத்தாதீர்கள். உறைந்த நகலை வைத்துக்கொண்டு ஒரு வருடம் தூங்கிவிடுகிறவர், வெளி ரெப்போவை நேரடியாகச் சேர்த்தவரைவிட மோசமானவர்.

ஓபிஎஸ்ஸில் ஒவ்வொரு வெளி ரெப்போவையும் தனி புராஜெக்டாக வையுங்கள். ஒன்றில் நான்கைக் கலக்காதீர்கள். புராஜெக்டின் விளக்கத்தில் ஏன் சேர்த்தோம், சாவியின் கைரேகை என்ன, எப்போது நீக்கலாம் என்று தமிழிலேயே எழுதுங்கள், சர்வருக்குத் தமிழ் புரிகிறது. மெட்டாவை மாற்றும்போது காரணக் குறிப்புக் கொடுக்க இடம் உண்டு. காலியாக விடுபவரின் பெயரும் வரலாற்றில் பதிவாகத்தான் செய்கிறது.

கடைசியாக, இங்கே உட்கார்ந்திருக்கும் பேராசிரியர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐஐடி மெட்ராஸும் ஐஐடி கான்பூரும் லினக்ஸ் மிரர்களை நடத்தியிருக்கின்றன. சேலம், நாமக்கல் மாவட்டங்களில் இத்தனை பொறியியல் கல்லூரிகள் இருந்தும், வட்டாரத்தின் சிறு நிறுவனங்கள் நம்பி எடுத்துக்கொள்ளத் தேதியிட்ட ஸ்னாப்ஷாட்களோடு ஒரு மிரரை ஒரு கல்லூரி ஏற்று நடத்தலாமே. டெபியனின் ஏஎம்டி64 பேக்கேஜ்கள் மட்டும் என்றால் ஒரு 2 டிபி வட்டில் அடங்கும். பராமரிக்க வேண்டியவர்கள் உங்கள் இறுதியாண்டு மாணவர்கள். திட்டப்பணிக்குத் தலைப்பு கிடைக்காமல் பழைய அறிக்கையின் அட்டையை மாற்றிக்கொண்டிருப்பவர்களுக்கு உண்மையான வேலை கிடைக்கும். துறைத் தலைவர்கள் இந்தப் பருவத்திலேயே தொடங்குங்கள். வட்டு வாங்கும் செலவைப் பங்கிட்டுக்கொள்ள இங்கே வந்திருக்கும் நிறுவனத்தார் முன்வர வேண்டும்.